வெட்டிவிடாதீர்கள் அந்த முன்தோலை!

ஆண் குழந்தை பிறந்ததும் வீட்டுப் பெரியவர்கள் கைவிரல், கால்விரல் எல்லாம் எண்ணிப் பார்ப்பார்கள். மூக்கு யார் ஜாடை, நெற்றி யார் ஜாடை என்று பேசுவார்கள். ஆனால் குழந்தை எந்த இடத்தின் வழியாகச் சிறுநீர் போகிறது என்று கவனிப்பவர்கள் குறைவு. நாலைந்து நாள் கழித்துக் குளிப்பாட்ட உட்காரும் பாட்டிதான் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிக்கிறாள். "இதென்னடி, பிள்ளை மூத்திரம் போனா முன்னாடி வராம அடியில வழியுது!"

உடனே வீடே கலங்கிப் போகும். கலங்க வேண்டாம். ஆண்குறியின் மொட்டு நுனியில் இருக்க வேண்டிய சிறுநீர்த் துவாரம், சில குழந்தைகளுக்கு அடிப்பக்கமாகச் சற்றுத் தள்ளி அமைந்துவிடுகிறது. இதற்கு 'ஹைப்போஸ்பேடியாஸ்' என்று பெயர். 'கீழே', 'பிளவு' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் இது. ஏறக்குறைய 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் துவாரம் மொட்டின் அருகிலேயே இருக்கும். சிலருக்குத் தண்டின் நடுவில், இன்னும் சிலருக்கு விதைப்பை வரைக்கும் இறங்கி இருக்கும். சில குழந்தைகளுக்கு உறுப்பு கீழ்நோக்கி வளைந்தும் இருக்கும்.

இன்னொரு அடையாளம் உண்டு. இந்தக் கட்டுரைக்கே அதுதான் காரணம். முன்தோல் சுற்றிலும் மூடியிருக்காது. அடிப்பக்கம் திறந்து கிடக்கும். மேல்பக்கம் மட்டும் குல்லாய் போல, முக்காடு போல, அதிகமாகத் தொங்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று தோன்றும். "ஐயா, இந்தத் தோல் வீணாத்தானே தொங்குது, எடுத்துட்டா சரியாப் போயிடுமா?" என்று கேட்கிறார்கள். வீணில்லை அம்மா. அந்தக் குழந்தையின் உடம்பில் இப்போதைக்கு அதைவிட விலைமதிப்புள்ள தோல் வேறு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் இரண்டு வார்த்தை. முதலாவது, அம்மா மீது பழி போடாதீர்கள். கிரகணத்தன்று வெளியே போனாள், கத்தியால் காய் நறுக்கினாள் என்பதெல்லாம் வெறும் பேச்சு. கருவில் 8-வது வாரத்திலிருந்து 16-வது வாரத்துக்குள் ஆண் உறுப்பின் சிறுநீர்ப் பாதை ஒரு வாய்க்கால் போலத் தோன்றி, இரண்டு கரைகளும் சேர்ந்து குழாயாக மூட வேண்டும். அந்த மூடல் பாதியில் நின்றுவிட்டால் இந்த நிலை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்திருந்தால் வருவதற்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளிடமும் சற்று அதிகமாகக் காண்கிறோம். பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை.

இரண்டாவது, அவசரமான விஷயம். துவாரம் கீழே இருப்பதோடு விதைப்பையில் விதைகளும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். பார்வைக்கு ஆண் குழந்தை போலத் தெரிந்தாலும் உள்ளே சுரப்பிக் கோளாறு இருக்கலாம். அதில் ஒரு வகையில் உடம்பிலுள்ள உப்பு வெளியேறி, முதல் சில வாரங்களிலேயே குழந்தையின் உயிருக்கு ஆபத்து வரும். ரத்தப் பரிசோதனை, குரோமோசோம் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் செய்துதான் முடிவு சொல்ல முடியும். பெயர் சூட்டும் விழாவைக்கூடத் தள்ளிப் போடலாம். இந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது.

சித்த வைத்தியத்தில் மருந்து உண்டா?

என்னிடம் இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்: இல்லை. லேகியமோ, தைலமோ, பற்பமோ, செந்தூரமோ கருவில் உருவாகாமல் போன ஒரு குழாயை உருவாக்கித் தராது. "எண்ணெய் போட்டு உருவி விட்டால் துவாரம் முன்னால் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அறுவைக்குரியதை அறுவைக்கு அனுப்புவதும் வைத்தியம்தான். குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர், அல்லது இந்த ஆபரேஷனில் பழக்கமுள்ள பிளாஸ்டிக் சர்ஜன், சிறுநீரக அறுவை நிபுணர், இவர்களில் ஒருவரிடம்தான் போக வேண்டும். 6 மாதம் முதல் 18 மாதத்துக்குள் செய்வது நல்லது என்பது இன்றைய பொதுவான கருத்து. வயது தாண்டிவிட்டாலும் செய்ய முடியும். ஆனால் விவரம் தெரியாத வயதில் முடித்துவிட்டால் குழந்தை மனதில் அது தங்காது.

எங்கள் சாஸ்திரத்தில் உடல் தாதுக்கள் ஏழு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம். செந்நீர், அதாவது ரத்தம், ஊனுக்கு முன்னால் நிற்கிறது. ஊன் பிழைப்பது செந்நீரால் என்பதே அந்த வரிசையின் பொருள் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். இந்த ஆபரேஷனின் வெற்றி தோல்வியும் அந்த ஒன்றில்தான் இருக்கிறது. புதிதாகக் குழாய் செய்யத் தோல் கிடைத்தால் மட்டும் போதாது. அந்தத் தோலுக்கு ரத்தம் வர வேண்டும்.

ரத்தம் எந்த வழியாக வருகிறது?

ஆண் உறுப்புக்கு ரத்தம் வரும் வழி இரண்டு. உள்ளே இருக்கும் தண்டுக்கும் மொட்டுக்கும் இடுப்புக்குழியின் ஆழத்திலிருந்து வரும் தமனிகள் ரத்தம் கொடுக்கின்றன. மேலே போர்த்தியிருக்கும் தோலுக்கு அது அல்ல வழி. தொடையின் மேற்புறத்தில், அரைக்குச் சற்றுக் கீழே, கை வைத்தால் துடிக்கிறதே, அந்தப் பெரிய தொடைத் தமனியிலிருந்து சிறு கிளைகள் பிரிந்து இருபக்கமும் உறுப்பின் அடிப்பாகத்துக்கு வருகின்றன. அங்கிருந்து நீளவாக்கில், தோலுக்கு அடியிலேயே ஓடி, கடைசியில் முன்தோலில் போய் முடிகின்றன. வாய்க்கால் கடைமடைக்குப் போய்ச் சேர்வது போல!

இந்த நாளங்கள் தோலோடு ஒட்டி ஓடவில்லை. தோலுக்கும் தண்டுக்கும் நடுவே மெல்லிய, வழுக்கிக்கொண்டு நகரும் ஒரு திசுப் படலம் இருக்கிறது. 'டார்ட்டோஸ்' என்பார்கள். நாளங்கள் அதற்குள்தான் ஓடுகின்றன. பலாச்சுளையைச் சுற்றி மெல்லிய நார் இருக்கிறதல்லவா, ஏறக்குறைய அப்படி. கை தேர்ந்த சர்ஜன் இந்தப் படலத்தைத் தோலிலிருந்தும் தண்டிலிருந்தும் நிதானமாகப் பிரித்தெடுப்பார். இரண்டு வழிகளும் தனித்தனி என்பதால், மேல் தோலைக் காலுறை கழற்றுவது போல அடிவரை இறக்கினாலும் மொட்டுக்கு வரும் ரத்தம் நிற்பதில்லை. இயற்கை செய்து வைத்திருக்கும் வசதி இது.

இந்தக் குழந்தைகளுக்கு அடிப்பக்கத் தோல் மெல்லியதாக, படலமும் நாளமும் குறைந்து இருக்கும். குறை எங்கே இருக்கிறதோ அங்கே சரக்கு இல்லை. மேல்பக்கம் தொங்கும் அந்த முக்காட்டில்தான் தோலும் அதிகம், படலமும் அதிகம், ரத்த நாளமும் அதிகம். மேலே இருப்பதைக் கீழே கொண்டுவருவதுதான் ஆபரேஷனின் பாதி வேலை.

பதியனும் நாற்றும்

வீட்டில் மல்லிகைக் கொடி வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கொடியை வெட்டாமலே வளைத்து, பக்கத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடுகிறோம். தாய்ச்செடியிலிருந்து அதற்குச் சாறு வந்துகொண்டே இருக்கும். அதனால் வாடாது. நாற்று நடுவது வேறு. பிடுங்கி நட்ட நாற்று சில நாள் வாடி நிற்கும். புது மண்ணில் வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும். மண் சரியில்லை என்றால் பட்டுப்போகும்.

தோலையும் இந்த இரண்டு விதமாகத்தான் இடம் மாற்ற முடியும். ரத்த நாளமுள்ள காம்போடு சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்தால் அது பதியன். டாக்டர்கள் 'ஃப்ளாப்' என்பார்கள்; நாம் மடல் என்று வைத்துக்கொள்வோம். முழுவதுமாக வெட்டியெடுத்து வேறிடத்தில் வைத்துத் தைத்தால் அது நாற்று, 'கிராஃப்ட்'. அப்படி வைத்த தோலுக்கு முதல் இரண்டு நாள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. கீழே இருக்கும் திசுவில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் பிழைத்திருக்கும். பிறகு கீழிருந்து மெல்லிய நாளங்கள் வந்து இணையும். அதற்குள் அடியில் ரத்தம் கட்டினாலோ, அசைந்தாலோ, கிருமி தாக்கினாலோ போச்சு!

காம்பு விடாமல் தோலைத் திருப்பும் கலை நம் நாட்டுக்குப் பழையது. கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. (அது ஆயுர்வேத நூல், எங்கள் சித்த நூல் அல்ல. அதனாலென்ன, நல்லதை எங்கிருந்தாலும் சொல்ல வேண்டியதுதான்.) 1794-ல் லண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' என்ற பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானுடன் நடந்த போரில் பிடிபட்டு மூக்கை இழந்திருந்தார். அவருக்கு நெற்றித் தோலிலிருந்து புது மூக்கு அமைக்கப்பட்டதை அந்தச் செய்தி படத்தோடு விவரித்தது. நெற்றியில் இலை வடிவில் தோலைக் கீறி, இரு புருவங்களுக்கு நடுவே காம்பை மட்டும் விட்டு, திருப்பிக் கீழே இறக்கித் தைத்தார்கள். சுமார் 25 நாள் கழித்து, புது இடத்தில் ரத்தம் பிடித்த பிறகே காம்பைத் துண்டித்தார்கள். அந்த மூக்கு பிழைத்ததும் காம்பால்தான்.

ஹைப்போஸ்பேடியாஸுக்கும் நம்மவர் பங்கு உண்டு. ஆக்ராவைச் சேர்ந்த டாக்டர் அசோபாவும் அவருடைய குழுவினரும் முன்தோலையே குழாயாகச் சுருட்டி, ஒரே கட்டத்தில் சிறுநீர்ப் பாதை அமைக்கும் முறையை 1971-ல் வெளியிட்டார்கள். குழாயாக மாறும் உள்தோலை வெளித்தோலிலிருந்து பிரிக்காமல், இரண்டையும் ஒரே மடலாக, ரத்த ஓட்டம் கெடாமல் கீழே கொண்டுவருவது அவர்கள் வழி. 1980-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் டக்கெட் என்ற நிபுணர், உள்தோலை மட்டும் தீவு போலத் தனியே எடுத்து, டார்ட்டோஸ் காம்பில் தொங்கவிட்டுக் கொண்டுவரும் முறையைச் சொன்னார். இதில் நுட்பம் கூடுதல். ஏனென்றால் இருக்கும் நாளங்களை உள்தோலுக்கே கொடுத்துவிட்டால், மிச்சமுள்ள வெளித்தோல் பட்டினி கிடக்கும். காம்பை எங்கே, எவ்வளவு கனத்தில் பிரிப்பது என்பது கையின் அனுபவம்.

துவாரம் மொட்டுக்கு அருகில் இருக்கும் குழந்தைகளுக்கு இவ்வளவு தேவைப்படாது. 1994-ல் ஸ்னாட்கிராஸ் என்ற அமெரிக்க நிபுணர் வெளியிட்ட முறை இன்று அதிகம் செய்யப்படுகிறது. மூடாமல் போன அந்த வாய்க்காலின் நடுவில் நீளமாக ஒரு கீறல் போட்டு அகலப்படுத்தி, இரு கரைகளையும் சேர்த்துக் குழாயாகத் தைக்கிறார்கள். "அப்படின்னா முன்தோல் எதுக்கு?" என்று கேட்கலாம். தைத்த குழாய்க்கு மேல் தோல், தையலுக்கு நேர்மேலே தையல்! இப்படி இருந்தால் சிறுநீர் கசிந்து நடுவில் ஓட்டை விழுந்துவிடும். இந்த ஆபரேஷனில் அடிக்கடி வரும் தொல்லையே அந்த ஓட்டைதான். அதைத் தடுக்க, முன்தோலின் டார்ட்டோஸ் படலத்தை ரத்த நாளத்தோடு பிரித்து, குழாயின் மேல் ஒரு போர்வையாகப் போர்த்துகிறார்கள். மொட்டைமாடியில் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூச்சு போடுகிறோமே, அது போல. வித்தியாசம் என்னவென்றால் இந்தப் பூச்சு உயிருள்ள பூச்சு. ரத்தத்தைக் கொண்டுவந்து புண்ணை ஆற்றவும் செய்யும்.

இதெல்லாம் நூலிழை போன்ற நாளங்களைக் காப்பாற்றும் வேலை. அதனால்தான் சர்ஜன் கண்ணில் பெருக்கிக் காட்டும் லென்ஸ் மாட்டிக்கொள்கிறார். தலைமுடியைவிட மெல்லிய நூல் உபயோகிக்கிறார். ரத்தம் கசியும் இடத்தை மின்சாரத்தால் சுட்டு நிறுத்தும்போதுகூட, சூடு பரவாத வகைக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார். "சின்னத் துவாரம், இதுக்கு ரெண்டு மணி நேரமா?" என்று வெளியே உட்கார்ந்து சலித்துக்கொள்ளும் தாத்தாக்கள் தயவுசெய்து பொறுமையாக இருங்கள்.

வெட்டிவிட்டால்?

நாலு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது, தோல் தொங்குகிறது என்று எங்கோ ஓரிடத்தில் வெட்டிவிட்டிருந்தார்கள். துவாரமோ தண்டின் நடுவில், வளைவும் இருந்தது. தகுந்த நிபுணரிடம் அனுப்பினேன். முன்தோல் இல்லாததால் உள்வாயின் மெல்லிய தோலை எடுத்து, முதல் கட்டத்தில் அதைப் பதித்து, அது வேர் பிடிக்க ஆறு மாதத்துக்கு மேல் காத்திருந்து, இரண்டாம் கட்டத்தில் குழாயாக்கினார்கள். இரண்டு முறை மயக்க மருந்து, இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசம், வாயில் ஒரு புண். பையன் இப்போது நன்றாக இருக்கிறான். கடுமையான குறையுள்ள சில குழந்தைகளுக்கு, முன்தோல் இருந்தாலுமே இரண்டு கட்டமாகச் செய்வது நல்ல முறைதான். அப்போதும் பதிக்க முதலில் தேடுவது முன்தோலைத்தான்.

சுன்னத் செய்யும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். சில குழந்தைகள் பிறக்கும்போதே சுன்னத் ஆனது போல மொட்டு பாதி வெளியே தெரியும். நல்ல சகுனம் என்று சந்தோஷப்படுவார்கள். சந்தோஷப்படுங்கள்; கூடவே சிறுநீர் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். துவாரம் நுனியில் இல்லை என்றால் சுன்னத்தைத் தள்ளிப் போட்டு சர்ஜனிடம் காட்டுங்கள். ஆபரேஷனின்போது முன்தோல் பெரும்பாலும் உபயோகமாகிவிடுவதால், ஆறிய பிறகு பார்வைக்குச் சுன்னத் செய்தது போலவே இருக்கும். விவரம் சொன்னால் பெரியவர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

எப்போதாவது முன்தோல் முழுசாக மூடியிருந்து, உள்ளே துவாரம் மட்டும் இடம் மாறி இருக்கும் குழந்தைகளும் உண்டு. வெட்டும்போதுதான் தெரியவரும். அப்படித் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின்

முன்பே சொல்லிவிடுகிறேன்: உறுப்பு மிகச் சிறியதாக இருந்தால் சில நிபுணர்கள் ஆபரேஷனுக்கு முன் ஹார்மோன் ஊசியோ களிம்போ கொடுப்பதுண்டு. உறுப்பு கொஞ்சம் பெரிதாகும், ரத்த ஓட்டமும் கூடும். வேண்டாம் என்கிற நிபுணர்களும் உண்டு. இது அவர்கள் முடிவு. கடையில் வாங்கி நீங்களாகப் போடும் விஷயம் அல்ல.

வீட்டுக்கு வந்த பிறகு பொறுப்பு உங்களுடையது. மடலுக்கு ரத்தம் வந்தால் மட்டும் போதாது. வந்த ரத்தம் திரும்பிப் போகவும் வேண்டும். மேலே அழுத்தம் விழுந்தால் முதலில் அடைபடுவது திரும்பும் வழிதான். ரத்தம் தேங்கி, வீங்கி, நல்ல மடலும் செத்துவிடும். நம் வீடுகளில் குழந்தையை இடுப்பில் வைத்துத்தான் தூக்குவோம். சர்ஜன் அனுமதிக்கும் வரை அது வேண்டாம். குழந்தையின் அரைப்பகுதி நேராக உங்கள் இடுப்பெலும்பில் அழுந்தும். இரண்டு கையாலும் ஏந்தித் தூக்குங்கள். நடைவண்டி, மூன்று சக்கர சைக்கிள், ஆடுகுதிரை எல்லாம் பரணுக்குப் போகட்டும். அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள், சிறுநீர் டியூப் அதில் மாட்டி இழுபட்டுவிடும். பாட்டிக்கு வருத்தமாக இருக்கும், பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

டியூப் சில நாளிலிருந்து பத்து நாள் வரை இருக்கும். இடையிடையே குழந்தை திடீரென்று காலை மடக்கி வீறிட்டு அழும். சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிப்பதால் வருவது அது. டாக்டர் தந்த மருந்தைக் கொடுங்கள். மலச்சிக்கல் வராமல் பாருங்கள். முக்கினால் தையலுக்கு ஆகாது. வீக்கமும், முதல் நாட்களில் லேசான நீலமும் சகஜம். தோல் கறுத்துக்கொண்டே போவது, துர்நாற்றம், காய்ச்சல், நிற்காத ரத்தக் கசிவு, டியூபில் சிறுநீர் வராதது, இவற்றில் எது இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே ஓடுங்கள்.

மஞ்சள், படிகாரம், வேப்பெண்ணெய், குப்பைமேனிச் சாறு எதுவும் அந்தப் புண்ணில் படக் கூடாது. சித்த வைத்தியனே சொல்கிறேன், கேளுங்கள். மற்ற புண்ணுக்குப் பயன்படும் மூலிகையாக இருந்தாலும், நூலிழை நாளத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் இந்த மடலுக்கு அது தேவையில்லை.

சில வாரங்களில் அடியில் ஒரு சொட்டு தனியாக ஒழுகினால், ஓட்டை விழுந்திருக்கலாம். சில நேரம் வேறொரு சிறு ஆபரேஷன் வேண்டியிருக்கும். ஆனால் உடனே செய்ய மாட்டார்கள். திசு மிருதுவாகி ரத்த ஓட்டம் சீராகக் குறைந்தது ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள். டாக்டர் இழுத்தடிக்கிறார் என்று வேறு இடத்துக்குப் போய் அவசரப்படாதீர்கள்.

பையன் நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கப் பழகியதும் தாரையைக் கவனியுங்கள். மெல்லியதாகி, முக்கி முக்கிப் போனால் பாதை குறுகியிருக்கலாம். மீசை அரும்பும் வயதில், ஒழுகலோ வளைவோ இல்லாவிட்டாலும், ஒரு தடவை நிபுணரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எந்த மடலை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள் என்பது அதில்தான் எழுதியிருக்கும். அடுத்து கை வைக்கும் சர்ஜனுக்கு, மிச்சமிருக்கும் ரத்த ஓட்டம் எங்கே என்று அந்தத் தாள்தான் சொல்லும்.